மஞ்சள் கட்டிய மடவை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சேற்றில் நண்டு நடந்துபோன மாதிரி இருக்கும். மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவன் நான். எங்கே பெரிய ‘ற’ போட வேண்டும், எங்கே சின்ன ‘ர’ என்பதில் இன்றைக்கும் தடுமாறுகிறேன். அச்சுக்கு எடுப்பவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு கல்லூரியில் என்னைப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அப்படிச் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எனக்குக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வேலை. ஐஸ் பாரை அரவை மெஷினில் தள்ளி, விழுகிற தூளைப் பெட்டியில் வாரி விசைப்படகில் ஏற்ற வேண்டும். குடியிருப்பது கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். ஆனால் பிறந்தது எண்ணூர் ஆற்றோரம், நெட்டுக்குப்பத்துக்குப் பக்கத்தில். என் அக்கா இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். மாமா நெஞ்சுச் சளியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. கூடையைத் தலையில் வைத்துத் திருவொற்றியூர்த் தெருக்களில் மீன் விற்றுத்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது.

அந்த மீன் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். படகு வைத்திருப்பவர்களுக்குக் கடல். வலை வீசத் தெரிந்த ஆண்களுக்கு ஆறு. இரண்டும் இல்லாத பெண்களுக்கு, அக்கா வீட்டுக்குப் பின்னால் ஆற்றிலிருந்து பிரிந்து உள்ளே போகிற ஓடை. இடுப்பளவு தண்ணீர், கீழே கறுப்புச் சேறு. மடவை என்கிற மீனுக்கு அந்தச் சேறுதான் தாய்வீடு. மழைக்காலத்தில் முகத்துவாரத்து மணல்மேடு உடைந்ததும் சினை வைத்த மடவை ஆற்றை விட்டுக் கடலுக்கு இறங்கும். தை, மாசியில் அதன் குஞ்சுகள் கடலிலிருந்து ஆற்றில் ஏறி, ஓடைக்குள் நுழைந்து, சேற்றை மேய்ந்து வளரும். பெண்கள் ஓடையின் குறுக்கே சின்ன வலையைக் கட்டிவிட்டுத் தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டே வருவார்கள். மடவை வலையைக் கண்டால் தாண்டிக் குதிக்கும். குதிக்கிற மீனை முந்தானையில் பிடிப்பாள் என் அக்கா. சின்ன வயதில் அதைப் பார்த்து நான் கைதட்டியிருக்கிறேன்.

ஒரு கம்பெனிக்குக் கண்டெய்னர் லாரிகளை நிறுத்த யார்டு தேவைப்பட்டது. ஓடையின் வாயில் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். உள்ளே நின்ற தண்ணீர் ஒரே கோடையில் வற்றிவிட்டது. அதற்குப் பிறகு ஆற்றிலும் மடவை குறைந்தது. பெண்கள் ஆற்றின் ஓரத்தில் ஆண்களின் வலைக்கு ஒதுங்கி நின்று, கிடைத்ததைப் பிடித்தார்கள்.

குப்பத்துக்காரர்கள் மனு கொடுத்தார்கள். விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அன்றைக்கு அக்காதான் கூட்டத்தில் எழுந்து நின்றாள். எனக்கு இல்லாத வாய் எல்லாம் அவளுக்கு உண்டு.

“முன்னல்லாம் ஒரு தபா எறங்கினா கூடை ரொம்பிடும் சார். இப்ப கூடை அடி தெரியுது. வந்து பாரு.”

“அம்மா, கூடைக் கணக்கு செல்லாது. ஆற்றில் எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு குறைந்திருக்கிறது, அதைச் சொல்ல ஆள் வேண்டும்” என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். கணக்கு எடுக்கட்டும், மடவை மிகவும் குறைந்திருப்பதாக வந்தால் ஓடையின் வாயை வெட்டித் திறக்கச் சொல்கிறோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு அன்றிலிருந்து அது ஒன்றுதான் பேச்சு. ஓடை திறக்குமா, திறக்காதா.

கணக்கு எடுக்க வந்தது ஒரு மேடம். கல்லூரியில் மீன் படிப்புச் சொல்லிக்கொடுப்பவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெயிலில் முகம் கன்றிச் சிவந்துவிடும், ஆனாலும் முணுமுணுக்க மாட்டார். அவருக்கு ஒரு படகும், மீனைச் செதில் உதிராமல் பிடிக்கிற ஒரு கையும் தேவைப்பட்டன. படகு பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் எல்லாரையும் மாமு என்று கூப்பிடுவார், அதனால் எல்லாரும் அவரை மாமு என்று கூப்பிடுவார்கள். கை என்னுடையது. தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், எனக்கு ஐஸ் வேலையும் இருக்காது. அக்காதான் சொல்லிவிட்டாள்: “என் தம்பிய இட்டுகினு போ மேடம். வாயே தொறக்க மாட்டான், மீன் கூட பயப்படாது.”

எப்படிக் கணக்கு எடுப்பது என்று சமுதாயக் கூடத்தில் மேடம் விளக்கினார். ஒரு பானை நிறைய மொச்சை கொண்டுவந்திருந்தார். பானையில் எவ்வளவு மொச்சை என்று எல்லாவற்றையும் எண்ணாமல் சொல்ல வேண்டும். ஒரு பிடி எடுத்து அதற்கு மட்டும் நிறம் தடவி, திரும்பப் போட்டு, நன்றாகக் கிளறிவிட்டு, இன்னொரு பிடி எடுக்க வேண்டும். அந்தப் பிடியில் நிறம் தடவியது நிறைய வந்தால் பானையில் மொச்சை கொஞ்சம். தேடினாலும் ஒன்றிரண்டுதான் வருகிறது என்றால் பானை நிறைய மொச்சை இருக்கிறது.

“மேடம், அத்த அப்டியே கருவாட்டுக் கொயம்புல போட்டா எண்ற வேலயே இல்ல” என்றார் மாமு. எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். எனக்கு அந்தக் கணக்கு உடனே பிடித்துப்போனது. பள்ளியில் எந்தக் கணக்கும் எனக்கு அவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை.

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் ஆண்கள்தான். பெண்கள் விற்கப் போயிருந்தார்கள். அக்காவும் போயிருந்தாள். அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

சித்திரையிலும் வைகாசியிலும் ஆற்றில் திரிந்தோம். மாமு வீச்சுவலை வீசுவார். நான் ஈரத்துணியில் மடவையை அணைத்துப் பிடிப்பேன். மேடம் அதன் முதுகுத் துடுப்புக்குக் கீழே ஊசியால் குத்தி ஒரு சின்ன நரம்பைச் செருகுவார். நூல் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக், அதில் கண்ணுக்கே தெரியாத அளவில் எண். விட்டதும் மீன் ஒரு கணம் என் கையிலேயே நிற்கும், பிறகு வாலை ஒரு சொடுக்கு சொடுக்கிப் போய்விடும். கலங்கிய தண்ணீரிலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக மேடம் நரம்பை மஞ்சள் நிறத்தில் வாங்கியிருந்தார்.

மஞ்சள் நரம்பு வைத்த மீன் வலையில் விழுந்தால், நரம்பை மட்டும் அறுத்து டீக்கடையில் வைத்திருக்கிற டப்பாவில் போட வேண்டும், மீனைப் பிடித்தவர்களே வைத்துக்கொள்ளலாம், கூடவே ஒரு பிளாஸ்டிக் பக்கெட் கொடுப்போம் என்று மேடம் சொல்லியிருந்தார். முதல் வாரம் இரண்டு மூன்று பேர் பக்கெட் வாங்கினார்கள். மாமு தன் மச்சானைக் கேலி செய்தார். “பக்கெட்டுக்காவ ஆத்துல எறங்கனவன் நீ ஒத்தன்தான்யா.”

தடைக்காலம் முடிந்ததும் எனக்கு வேலை கழுத்தை நெரித்தது. படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கினால் ஐஸுக்கு அடிதடி. ஆடியும் ஆவணியும் நான் எண்ணூர்ப் பக்கம் போகவே இல்லை. போன் செய்தால் அக்கா, “எல்லாம் நல்லபடியா நடந்துகினு கீது நைனா, அம்மா பாத்துப்பா” என்பாள். அம்மா என்று அவள் சொன்னது எங்கள் குப்பத்து அம்மனை. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

புரட்டாசியில் மேடம் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

“அண்ணே, டப்பாவுல ஒண்ணுமே சேரலண்ணே. ஆரம்பத்துல வந்ததோட சரி. இந்தக் கணக்குப்படி பாத்தா ஆத்துல மடவை ஏராளமா இருக்குன்னு வருது.”

“ஏராளமா இல்லயே மேடம்.”

“எனக்கும் தெரியுது. ஆனா என் கண்ணை வச்சு எழுத முடியாதுல்ல. வந்த கணக்கைத்தான் எழுதணும். நம்பிக்கை குறைவான கணக்குன்னு சேத்து எழுதியிருக்கேன்.”

அந்தச் சேர்த்து எழுதிய வரியை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. மடவை போதுமான அளவு இருக்கிறது, ஓடையைத் திறக்க அவசியம் இல்லை என்று குப்பத்துக்குக் கடிதம் வந்தது.

தீபாவளிக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். திருவொற்றியூர் தாண்டியதும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, பஸ் நகரவே இல்லை. இறங்கி நடந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து வலையில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் காலில் மஞ்சள் நூல்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஏதாவது வேண்டிக்கொண்டால், ஒரு சேவலின் காலில் மஞ்சள் தடவிய நூலைக் கட்டி அம்மன் பேரைச் சொல்லி விட்டுவிடுவார்கள். அது யார் வீட்டு வாசலுக்குப் போனாலும் ஒரு பிடி அரிசி போடுவார்கள். விரட்ட மாட்டார்கள், பிடிக்க மாட்டார்கள். பசியோடு இருப்பவன் கூட அதைத் தொட மாட்டான்.

“யாரு உட்டது?” என்றேன்.

“நான்தான். ஓடை தொறக்கணும்னு. இத்தொட போவுதா, மீனையும் உட்டோம். அம்மாம் மீன உட்டும் அவ கண்ண தொறக்கலியே.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “எந்த மீனுக்கா?”

“மஞ்சக் கட்ன மடவைடா. நீங்கதான கட்டி உட்டீங்க.”

அவள் கையிலிருந்த ஊசி நிற்கவில்லை, பேசிக்கொண்டே தைத்தாள். ஆடி வெள்ளியன்று அவள் ஆற்றோரம் போட்ட வலையில் முதல் மஞ்சள் மீன் விழுந்திருக்கிறது. முதுகில் மஞ்சள் நூலோடு மீனைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மேடம் ஓடைக்காகத்தான் இதெல்லாம் செய்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஓடைக்காக நாங்கள் மீனை நேர்ந்து விட்டிருக்கிறோம் என்றால் அது சரியாகத்தானே இருந்தது? கையெடுத்துக் கும்பிட்டு, அம்மன் பேரைச் சொல்லி, ஆற்றிலேயே விட்டுவிட்டாள். கரையில் இருந்த பெண்களிடமும் சொன்னாள். அவர்கள் வீட்டில் சொன்னார்கள். டப்பா, பக்கெட் எல்லாம் ஆண்களுக்குத் தெரியும். ஆனால் நேர்ந்து விட்ட மீனை அறுத்து, நூலை எடுத்து, பக்கெட் வாங்க யாருக்கு மனசு வரும்? மாமுவின் மச்சான் வாங்கின பக்கெட்டைக் கூட அவன் பெண்டாட்டி அம்மன் கோயிலில் தண்ணீர் மொள்ள வைத்துவிட்டாளாம்.

“எத்தினி உட்டீங்க?”

“நான் மட்டும் உட்டதே கை நெறய இருக்கும். மாமு வலயில வுயுந்தத எல்லாம் அவரும் உட்டாரு. வலய ஒதறினா மொதல்ல மஞ்சாவத்தான் தேடுவோம். சில நாளு கூடயில வேற மீனே இருக்காது, அத்தயும் உட்டுட்டு வெறுங்கையா வூட்டுக்கு வருவேன். போனாப் போவுது, ஓடை தொறக்கட்டும்னு.”

சேவல் என் செருப்பைக் கொத்தியது. பானையும் மொச்சையும் என் கண்முன்னால் வந்தன. பிடி பிடியாக நிறம் தடவிய மொச்சைதான் கைக்கு வந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் கும்பிட்டுத் திரும்பப் பானையில் போட்டிருக்கிறார்கள்.

“இன்னாடா மூஞ்சி ஒரு மாதிரியா கீது?”

“நடந்து வந்தேன்ல, வெயிலு” என்றேன். தீபாவளி மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் அடுத்த ஓட்டையை அடைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் மேடத்தின் கல்லூரிக்குப் போனேன். வாட்ச்மேனிடம் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவே எனக்கு வெகு நேரம் ஆனது. மேடம் தன் அறையில் உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, மிச்சம் இருந்த மஞ்சள் நரம்புக் கட்டை எடுத்துப் பார்த்தார்.

“பளிச்சுனு தெரியணும்னு மட்டும்தான் யோசிச்சேன்” என்றார். “மஞ்சள்னா உங்களுக்கு என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல.”

“நான் கூடவே இருந்தேன் மேடம். எனக்கே தோணல.”

அது உண்மை. தண்ணீருக்குள் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகத்தான் எனக்குத் தெரிந்தது. குறி வைத்தவர்கள் கையில் அது வேலை. வலையில் கண்டவளுக்குத்தான் அது சாமி.

தப்பை விளக்கி அவர் திரும்ப எழுதிப்போட்டார். கணக்கு ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டது, புதிய கணக்கு இருந்தால் அனுப்பலாம் என்று பதில் வந்தது. அடுத்த தடைக்காலத்தில் நீல நரம்பு வாங்கிக்கொண்டு மேடம் வந்தார். இந்த முறை பெண்களையும் உட்காரவைத்துச் சொன்னார். மஞ்சள் கதையை மட்டும் விட்டுவிட்டார். நான்தான் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நீல நரம்பு வந்தால் விடக்கூடாது, கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னார். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அவள் பார்வை மேடத்தின் மேல் இல்லை, என் மேல் இருந்தது.

ஆற்றில் இறங்கினோம். போன வருடம் வலை வீசிய அதே இடங்கள். மாமு வீசுவார், இழுப்பார், உதறுவார். சாம்பல் நிறச் சேறு, பிளாஸ்டிக் கவர், இரண்டு கெளுத்தி. மடவை எப்போதாவது ஒன்று. ஓடை அடைபட்டு இன்னொரு வருடத்துக் குஞ்சும் இடமில்லாமல் போயிருந்தது. முன்பெல்லாம் கேலி பேசாமல் ஒரு வீச்சு கூட வீசாத மாமு, ஒரு நாள் வலையைப் படகில் போட்டுவிட்டு, “மாமு, நரம்பு குத்த மீன் வோணும்ல, அதுக்கே இல்லியே” என்றார். கணக்குப் போட வேண்டும் என்றால் ஒரு அளவுக்காவது மீனைக் குறி வைத்து விட வேண்டும். அந்த அளவில் கால்வாசி கூடத் தேறவில்லை. தடைக்காலம் முடிந்தது. மேடம் நீல நரம்புக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இவ்வளவு கொஞ்சத்தை வைத்து முறைப்படி ஒரு கணக்கும் எழுத முடியாது என்றார். யார்டில் அதற்குள் கான்கிரீட் போட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான், குறி வைத்தபோது நடந்ததை எல்லாம் கல்லூரியில் வந்து பிள்ளைகளிடம் சொல்லுங்களேன் என்று மேடம் மறுபடியும் கேட்டார். முதல் தடவை, தீபாவளிக்கு மறுநாள் அவர் அறையிலேயே கேட்டிருந்தார். எழுதித் தருகிறேன் என்றேன், இரண்டாவது தடவையாக.

கார்த்திகை மாதம் ஒரு பகல். துறைமுகத்தில் ஐஸ் அரைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் யாரோ கூப்பிடுவது தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் தோளைத் தட்டிக் காட்டினான். அக்கா நின்றிருந்தாள். எண்ணூரிலிருந்து அந்த டிரெய்லர் நெரிசலில், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் துறைமுகத்துக்குள் வந்ததே இல்லை. இடுப்பில் கூடை. அதற்குள் ஈரத்துணியில் சுற்றி ஒரு மடவை. சினை மீன், வயிறு புடைத்திருந்தது. கடலுக்கு இறங்கப் போன மீன். முதுகில் நீல நரம்பு.

“இந்தா. குட்த்துரு உன் மேடத்தாண்ட. இந்த தபா நான் உடல.”

எனக்குக் கை நீளவில்லை.

“புடிடா. உயிரோடதான் இருந்துச்சு. உட்டா பொயச்சுக்கும்னு நல்லா தெரிஞ்சிது. உடல.” கூடையைத் தரையில் வைத்தாள். “அப்ப உட்டதாலதான கெட்டுச்சு?”

“அப்படி எல்லாம் இல்லக்கா.”

“எனக்கு தெரியும்டா. நீலத்த மாத்திகினு வந்தப்பவே தெரியும். நீ வாயத் தொறக்கலன்னா எனக்கு தெரியாதா? இத்த வச்சாவது சொல்லச் சொல்லு. மீன் இல்லன்னு சொல்லச் சொல்லு.”

நான் கொஞ்சம் ஐஸ் தூளை வாரி மீனின் மேல் போட்டேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? அக்கா டீ கூடக் குடிக்கவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும், சாயங்காலம் தெருவுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். விற்க அவளிடம் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவள் இங்கிருந்து ஐஸில் போகிற கடல் மீனை வாங்கி விற்கிறாள். ஒருவேளை நான் அரைத்த ஐஸாகவும் இருக்கும்.

மீனை மேடத்திடம் கொண்டுபோனேன். கணக்கு நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன, அதை வைத்து இனி எதுவும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். மேடம் அப்படிச் சொல்லவில்லை. தட்டில் வைத்து, நீளம் அளந்து, கண்ணாடி வைத்து நரம்பில் இருந்த எண்ணைப் படித்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடாமலே உட்கார்ந்திருந்தார்.

“நாம விட்டதே கொஞ்சம்ணே. அந்தக் கொஞ்சத்துல ஒண்ணு, தேடாமலே அவங்க வலையிலயே வந்து விழுந்திருக்கு.”

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிறம் தடவியது சுலபமாகக் கைக்கு வந்தால் பானையில் மொச்சை கொஞ்சம்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு மீனை வைத்து அறிக்கை எழுத முடியாது என்பதும் தெரியும்.

நரம்பை அறுத்து என்னிடமே கொடுத்துவிட்டார். மீனின் வயிற்றில் இருந்த சினையை நான் பார்க்கவில்லை. அது கடலுக்குப் போயிருந்தால் இந்தத் தையில் குஞ்சு ஏறியிருக்கும், ஏறினாலும் போக ஓடை இல்லை. அக்காவிடம் போன் செய்து, மேடம் எழுதிக்கொண்டார் என்று சொன்னேன். “தொறப்பாங்களா?” என்று கேட்டாள். எழுதிக்கொண்டார் என்றேன் மறுபடியும். பிறகு, “சேவல் செத்துப்போச்சுடா, லாரியில அடிபட்டு” என்றாள்.

நீல நரம்பு இப்போது இந்தத் தாளின் மேல் கிடக்கிறது. காற்றில் பறக்காமல் இருக்க டம்ளரை வைத்திருக்கிறேன். இனி எங்கள் ஆற்றில் மீன் கணக்கு எடுக்க வருகிறவர்கள் மஞ்சளைத் தவிர வேறு எந்த நிறம் வேண்டுமானாலும் வாங்குங்கள். கூட்டம் போட்டால் பெண்கள் விற்றுவிட்டுத் திரும்பிய பிறகு போடுங்கள். மேடம் கேட்டது இதைத்தான். மற்றதெல்லாம் எழுத உட்கார்ந்ததும் தானாக வந்துவிட்டது.

மாசி அமாவாசைக்கு மறுநாள், கல்மண்டபம்.